அபயம் என்பது யாருடைய சொல்?

அச்சம் எதனால் பிறக்கிறது என்று கேட்டால் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நான்கு காரணங்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தெய்வத்துக்கும் காட்டு மிருகத்துக்கும் திருடனுக்கும் அடுத்தபடியாக ஆளுகிறவனையும் நிறுத்தியது ஓர் இலக்கண நூலுக்குச் சற்றுத் துணிச்சலான காரியம்தான். அதே நூலின் பாயிரம் தமிழ் நிலத்துக்கு வட எல்லையாகக் காட்டும் வேங்கடத்தின் அடிவாரத்தில் இருக்கிறது சந்திரகிரி. விஜயநகரத்தின் கடைசி அரசர்கள் தலைநகராக வைத்திருந்த இந்த ஊரைச் சுற்றி 2015 முதல் நடந்தவற்றைப் பார்த்தால் அந்தப் பட்டியல் பழைய நூலில் இருப்பதாகவே தோன்றாது. 2015 ஏப்ரல் 7 அன்று, சந்திரகிரி மண்டலத்தைச் சேர்ந்த சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லித் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேரை ஆந்திர போலீஸின் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. 2023 ஆகஸ்டில், திருமலைக்கு ஏறும் அலிபிரி நடைபாதையில் குடும்பத்தோடு மலையேறிக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. 2025 ஜனவரி 8 அன்று, வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்காகத் திருப்பதியில் திரண்ட கூட்டம் நெரிந்து 6 பேர் இறந்தார்கள். இந்த மூன்றிலும் செத்தவர்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். பிழைத்தவர்களின் உடம்பில் தங்கிப்போன அச்சத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்த அச்சத்தை மூளையின் மேல் மின்சாரமோ காந்தமோ செலுத்தி ஆராய்வதும் தணிப்பதும் சரியா என்ற கேள்வி அதைத் தொடர்ந்து வருகிறது. ஆராயலாம் என்பதே என் கட்சி. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனையை மருத்துவ நூல்களைவிட நம் சரணாகதி நூல்கள் தெளிவாகச் சொல்கின்றன என்பதையும் சேர்த்தே வாதிட விரும்புகிறேன்.

முதலில் ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து, திரையில் இரண்டு வண்ணங்களை மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். நீலம் வரும்போது சில தடவை மணிக்கட்டில் சுரீரென்று ஒரு மின் அதிர்ச்சி. அதன் அளவை அவரே முன்கூட்டித் தேர்ந்திருப்பார். தொந்தரவாக இருக்க வேண்டும், வலிக்கக் கூடாது. மஞ்சள் வரும்போது ஒன்றும் இல்லை. சிறிது நேரத்தில் நீலத்தைப் பார்த்ததுமே உள்ளங்கை வியர்க்கத் தொடங்கும். அந்த வியர்வையால் தோலின் மின்கடத்தும் தன்மை மாறுவதைக் கருவி பதிவு செய்யும். அச்சத்தைக் கற்றல் என்று ஆய்வாளர்கள் அழைப்பது இதைத்தான். பிறகு அதிர்ச்சி இல்லாமல் நீலத்தை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள், வியர்வை குறையும். இது தணிதல். மறுநாள் அதே ஆளை அழைத்து மறுபடி நீலத்தைக் காட்டினால், நேற்றுத் தணிந்தது நினைவில் நிற்கிறதா, பழைய அச்சம் திரும்புகிறதா என்று தெரியும். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய், அதாவது 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பி.டி.எஸ்.டி. என்று பெயரிட்ட நிலை, உள்ளவர்கள் முதல் நாள் மற்றவர்களைப் போலவே கற்கிறார்கள், தணிகிறார்கள். மறுநாள்தான் அவர்களிடம் தணிவு நிற்பதில்லை. முகமது மிலாதும் அவர் கூட்டாளிகளும் 2009-இல் இப்படிக் காட்டினார்கள். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இதோடு ஒத்துப்போகவில்லை என்றாலும், இந்தத் துறையின் பெரும்பகுதி இன்றும் இந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, தணிதல் என்பது அழித்தல் அல்ல. பாவ்லவ் தம் நாய்களிடமே இதைப் பார்த்துவிட்டார். மணிக்கு எச்சில் ஊறுவது நின்றுபோன நாய்க்கு, சில காலம் கழித்துத் தானாகவே மறுபடி எச்சில் ஊறிற்று. பழைய பாடம் எங்கும் போகவில்லை. அதன் மேல் ஒரு புதுப் பாடம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். அமெரிக்க உளவியலாளர் மார்க் பௌட்டன் பல பத்தாண்டுகள் எலிகளோடு உழைத்து இன்னொன்றையும் நிலைநாட்டினார். அச்சம் ஊர் பார்ப்பதில்லை, தணிவு ஊர் பார்க்கிறது. ஒரு கூண்டில் கற்ற பயம் எந்தக் கூண்டுக்கும் கூடவே போகிறது. ஒரு கூண்டில் கற்ற பாதுகாப்பு வேறு கூண்டுக்குப் போனதும் செல்லாக் காசாகிவிடுகிறது. பரிணாமத்தின் கணக்கில் இது நியாயமானதே. புலி ஓரிடத்தில் பாய்ந்தால் எங்கும் பாயலாம். ஓரிடத்தில் பாயவில்லை என்பதால் எங்கும் பாயாது என்று ஆகிவிடாது. பின்னால் வரப்போகும் வாதத்துக்கு இதுவே அச்சாணி. பாதுகாப்பு என்ற அறிவு இயல்பிலேயே இடத்தோடும் ஆளோடும் சூழலோடும் ஒட்டியது. அச்சம் தனித்து வாழும். பாதுகாப்புக்கு முகவரி வேண்டும்.

மூளைத் தூண்டல் இந்த இரண்டாவது பாடத்துக்குத் துணை போக முயல்கிறது. ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் 1985-இல் உருவாக்கிய காந்த முறையில், தலைமேல் பிடித்த சுருளில் பாயும் மின்சாரம் நொடிப் பொழுதுக்குக் காந்தப்புலத்தை எழுப்ப, அது மண்டையோட்டைக் கடந்து மூளைப் புறணியில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இன்னொரு முறை இதைவிடச் சாது: ஈரப் பஞ்சு வைத்த இரண்டு மின்முனைகள் வழியே ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டம். அது நரம்பணுக்களைத் துடிக்க வைப்பதில்லை, துடிப்பதற்கான வாசற்படியைச் சற்று உயர்த்துகிறது அல்லது தாழ்த்துகிறது. அச்சத்தோடு நாம் சேர்த்துப் பேசும் அமிக்டலா மூளையின் ஆழத்தில் கிடப்பதால், சுருளும் பஞ்சும் அதை நேரடியாக எட்டுவதில்லை. எனவே அதற்குக் கடிவாளம் போடுவதாகக் கருதப்படும் முன்மூளைப் பகுதிகளை, வெளியிலிருந்து எட்டும் இடங்கள் வழியாகத் தொடப் பார்க்கிறார்கள். டாமி ராய்ஜும் மிலாதும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நலமான மனிதர்களுக்குத் தணிதல் நடக்கும்போது ஒரு குறிப்பிட்ட வண்ணத்தோடு மட்டும் காந்தத் துடிப்பைச் சேர்த்தார்கள். மறுநாள் அந்த வண்ணத்துக்கு அச்சம் குறைவாகவே திரும்பிற்று. 2024-இல் மாஷா வான்ட் வௌட்-ஃபிராங்க் குழுவினர் 54 அமெரிக்கப் படைவீரர்களுக்கு ஆறு அமர்வுகளில், ஒவ்வொன்றிலும் 25 நிமிடம், போர்க்களக் காட்சிகளை மெய்நிகர் கண்ணாடியில் காட்டியபடி இரண்டு மில்லி ஆம்பியர் செலுத்தினார்கள். பாதிப் பேருக்குச் செலுத்துவதுபோல் பாவனை மட்டும். ஒரு மாதம் கழித்து, மெய்யாக மின்சாரம் பெற்றவர்களிடம் நோய்க்குறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. சிறிய ஆய்வு, நல்ல ஆய்வு. இதற்கு மேல் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம், தள்ளிவிடவும் வேண்டாம்.

எச்சரிக்கைக்கான காரணங்களும் அதே ஆய்விலக்கியத்திலேயே இருக்கின்றன. வியட்நாம் போரில் தலையில் காயம்பட்ட வீரர்களை ஆராய்ந்து 2008-இல் வந்த கட்டுரை, கடிவாளம் என்று சொல்லப்படும் அந்த முன்மூளைப் பகுதி சேதமானவர்களுக்கு இந்த நோய் குறைவாகவே வந்திருக்கிறது என்று காட்டியது. கடிவாளம் அறுந்தால் குதிரை தறிகெட்டு ஓட வேண்டும். இங்கே அடங்கி நின்றது. வரைபடம் நாம் நினைத்த அளவு நேர்த்தியானதல்ல. அதைவிட வியப்பு, அமிக்டலா இருபுறமும் அழிந்துபோன மூன்று பேரை (அவர்களில் ஒருவர் பாம்புக்கும் பேய்ப்படத்துக்கும் அசையாதவர்) 2013-இல் கரியமிலவாயு கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தபோது அவர்கள் திகிலில் துடித்துப்போனார்கள் என்பது. வெளியிலிருந்து வரும் ஆபத்தை அறிவது ஒரு வழி, மூச்சு முட்டுவதை உள்ளிருந்து அறிவது வேறு வழி. நெரிசலில் மடிகிறவர்கள் பெரும்பாலும் மிதிபட்டு அல்ல, நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல் மூச்சடைத்தே மடிகிறார்கள். திருப்பதி டோக்கன் வரிசையில் நசுங்கிப் பிழைத்த ஒருத்தியின் அச்சமும், காட்டில் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டவனின் அச்சமும் ஒரே பெயரில் கோப்பில் ஏறலாம்; மூளையில் அவை ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஜோசப் லெடூ, இந்தத் துறையைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர், பின்னாளில் தாமே சொன்னது இது: கருவி அளப்பது ஆபத்தை எதிர்கொள்ளும் உடம்பின் ஏற்பாட்டை, மனிதன் உணரும் அச்சம் அதோடு முழுக்க ஒன்றல்ல.

இனி எதிர்வாதங்கள். சமயப் பற்றுள்ளவர் முதலில் எழுப்பும் தடை, மனத்தை இயந்திரத்தால் தொடுவதா என்பது. இறைவன் கொடுத்த துன்பம், முன்வினைப் பயன், அதில் மின்கம்பியை நுழைப்பது அத்துமீறல் அல்லவா என்கிறார்கள். திருமலை அடிவாரத்தில் இந்தத் தடைக்கு ஆதாரம் தேடுவது கடினம். ராமானுசர் வழி வேதாந்தத்தில் மனம் ஆன்மா அல்ல. அது பிரகிருதியிலிருந்து விளைந்த ஒரு கருவி. கண்ணும் காதும் இந்திரியங்கள் என்றால் மனமும் ஓர் இந்திரியமே. கண்ணுக்குக் கண்ணாடி போடலாம் என்றால் மனத்துக்கு மின்னோட்டம் கொடுப்பதைத் தத்துவம் தடுக்க வழியில்லை. நடைமுறையிலும் அப்படித்தான். ஸ்ரீநிவாசமங்காபுரத்துக்கு அருகிலிருந்து தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டுப் படிகளில் கால் நோக ஏறுவது, முடி காணிக்கை கொடுப்பது, உபவாசம் இருப்பது, ஆயிரம் குரல்களோடு கோவிந்தா என்று முழங்குவது எல்லாம் உடம்பின் வழியாக மனத்தைத் திருத்தும் ஏற்பாடுகள்தானே. யாழ்ப்பாணத்தில் போரால் நொறுங்கிய மக்களுக்கு மருத்துவம் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சியோடு அவரவர் சமயத்தின் மந்திரத்தையோ ஜெபத்தையோ சேர்த்துக் கற்பித்தார். மந்திரம் இயற்கை, மின்சாரம் செயற்கை என்று பிரிப்பது மேலோட்டமான பிரிவினை. கருவி எது என்பதில் ஆன்மிகச் சிக்கல் எதுவும் இல்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே? கருவி கற்பிக்கும் பாடம் மெய்யா என்பதில். தணிதலின் ஒவ்வொரு சுற்றும் மூளையிடம் ஒரு வாக்கியத்தைச் சொல்கிறது: இந்த அறிகுறிக்குப் பின் இனி ஒன்றும் வராது. மின்தூண்டல் அந்த வாக்கியத்தை ஆழமாகப் பதிய வைக்கிறது. அமெரிக்க ஆய்வுகளில் இந்த வாக்கியம் பெரும்பாலும் உண்மை. அந்தப் படைவீரர்கள் இராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வீடு திரும்பிவிட்டார்கள். சாலையோரக் குப்பைப் பை இப்போது குப்பைப் பைதான், வெடிகுண்டு அல்ல. அவர்களின் உடம்புக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. அதைச் சேர்ப்பிப்பது கருணை. அதே முறையைச் சேஷாசலம் காட்டிலிருந்து தப்பியவர்களிடம் எடுத்துப் போனால் என்னாகும்? செம்மரம் உலகில் இயற்கையாக வளர்வது ஏறத்தாழ இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும். அதற்குச் சீனாவில் தட்டுமுட்டுச் சாமான் செய்ய நல்ல விலை. வெட்டுக்கூலிக்கு அழைத்து வரப்படுகிறவர்கள் திருவண்ணாமலை, தர்மபுரி உள்ளிட்ட மாவட்டங்களின் மலைக் கிராமத்து, அடிவாரத்து ஏழைகள். கற்களாலும் கோடரிகளாலும் தாக்கினார்கள், அதனால் சுட்டோம் என்றது போலீஸ். போலி என்கவுன்டர் என்றன மனித உரிமை அமைப்புகள். பேருந்தில் போய்க்கொண்டிருந்தவர்களை இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சாட்சி சொன்னார்கள். அப்படிச் சாட்சி சொன்ன ஒருவன் காக்கிச் சட்டையைக் கண்டதும் உறைந்துபோகிறான் என்றால், அவன் மூளை தவறான பாடம் கற்றிருக்கிறது என்று எந்த ஆதாரத்தில் சொல்வது? காக்கிக்குப் பின் இனி ஒன்றும் வராது என்ற வாக்கியத்துக்கு யார் பொறுப்பு?

2023-இல் சிறுத்தை விவகாரத்தில் நிர்வாகம் நடந்துகொண்ட விதம் இங்கே ஒப்பிடத்தக்கது. தேவஸ்தானம் யாத்திரிகர்களின் பயத்தை நோயாகக் கருதவில்லை. கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தார்கள், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் சிறுவர்களைப் படியேற விடவில்லை, ஏறுகிறவர்கள் கையில் தடி கொடுத்தார்கள். (தடி சிறுத்தையைத் தடுக்குமா என்று கேலி பேசியவர்கள் நிறைய. ஆனாலும் அந்தத் தடி, நீ பயப்படுவது சரி என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்த சீட்டுப் போன்றது.) விலங்கால் வந்த அச்சத்துக்கு இத்தனை மரியாதை. தொல்காப்பியத்தின் பட்டியலில் நான்காவதாக நிற்கும் காரணத்தால் வந்த அச்சத்துக்கு அரசு தடியைக் கொடுக்காது. தடி அதன் கையிலேயே இருக்கிறது. ஆகவே அந்த அச்சம் எளிதாக ‘அறிகுறி’ என்ற தலைப்பின்கீழ் போய்ச் சேரும். நான் அஞ்சுவது இதற்குத்தான். ஆய்வாளர் யாரும் தீய எண்ணத்தோடு வர வேண்டியதில்லை. வழக்கமான படிவமே போதும். தூக்கம் வருகிறதா, திடுக்கிடுகிறாயா, எதையெல்லாம் தவிர்க்கிறாய் என்று கேட்கும் படிவம், தவிர்க்கப்படுகிறவன் இன்னும் அங்கேயே இருக்கிறானா என்று கேட்பதில்லை.

இதற்கு மருத்துவர் தரப்பிலிருந்து வரும் மறுப்பு வலுவானது, அதைச் சுருக்கிச் சொல்வது நியாயமில்லை. ஊர் முழுக்கப் பாதுகாப்பாகும்வரை இரவில் அலறி எழுகிறவனுக்கு மருந்து இல்லையா? நீதி கிடைக்கும்போது தூங்கட்டும் என்று சொல்வது, நோயாளியைச் சாட்சிக் கூண்டிலேயே நிரந்தரமாக நிறுத்திவைப்பதாகாதா? அவன் அச்சம் உண்மைக்குச் சாட்சி என்று நாம் எழுதிப் புகழலாம். அதைச் சுமப்பவன் அவன். இந்த மறுப்பின் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஏற்பதற்கான வழியும் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது. நீலம், மஞ்சள் என்று இரண்டு வண்ணங்கள் காட்டுவது ஏன்? நலமானவர் நீலத்துக்கு மட்டும் வியர்க்கிறார். பேரதிர்ச்சிக்கு ஆளானவர் பல நேரம் மஞ்சளுக்கும் வியர்க்கிறார். நோய் என்பது அஞ்சுவதில் இல்லை, வேறுபாடு மங்கிப்போவதில் இருக்கிறது. தன் வீட்டுத் திண்ணையில் பட்டாசுச் சத்தம் கேட்டுக் கட்டிலுக்கடியில் புகுகிறவனுக்கு, பட்டாசையும் துப்பாக்கியையும் பிரித்தறியும் திறனைத் திருப்பிக் கொடுப்பது மருத்துவம். அதற்கு மின்னோட்டம் உதவுமானால் தாராளமாக உதவட்டும். காக்கியையே மறுபடி நம்ப வைப்பது வேறு வேலை. அதை மருத்துவமனையில் செய்ய முடியாது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவுடையவர் செயல் என்று வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில்தான் வைத்தார், வீரத்தைப் பற்றிய அதிகாரத்தில் அல்ல. பாரதியின் அச்சமின்மைப் பாட்டை மேடைதோறும் முழங்கும் நாம் வள்ளுவரின் இந்த நிதானத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டோம். வேறுபடுத்தி அஞ்சும் திறனைத் திரும்பப் பெறுவதே ஆய்வின் இலக்காக இருக்க வேண்டும். மொத்த அச்சம் எத்தனை புள்ளி குறைந்தது என்ற ஒற்றை எண் அதைக் காட்டாது.

அபயம் என்ற கருத்தை வைணவம் கையாண்ட விதத்தை இங்கே கொண்டுவருவது அலங்காரத்துக்காக அல்ல. வேதாந்த தேசிகர் அபயப்ரதான ஸாரம் என்று ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். விபீடணன் ராமனிடம் அடைக்கலம் புகும் கட்டத்தை விரித்துரைக்கும் நூல் அது. அந்தக் கட்டத்தின் அமைப்பைப் பாருங்கள். எதிரியின் தம்பி வந்து வானில் நிற்கிறான். சுக்ரீவன் அஞ்சுகிறான், ஒற்றனாக இருக்கலாம் என்கிறான். அந்த அச்சத்தை யாரும் கோழைத்தனம் என்று அடக்கவில்லை. ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்கிறார்கள், அனுமன் மறுத்துப் பேசுகிறான், ராமன் எல்லாவற்றையும் கேட்ட பிறகே அடைக்கலம் கொடுக்கிறான். கொடுத்ததோடு நில்லாமல் கடற்கரையிலேயே இலங்கை அரசனாக முடிசூட்டுகிறான். இங்கே அபயம் என்பது விபீடணனின் நெஞ்சுக்குள் ஏற்பட்ட ஒரு மாற்றம் மட்டுமல்ல. காக்க வல்லவன் ஒருவன், கேட்பவன் ஒருவன், சபையறியச் சொன்ன சொல், அதற்குப் பின்னால் நிற்கும் வில் எல்லாம் சேர்ந்தது. சரணாகதிக்கு உரிய அங்கங்களை ஆசாரியர்கள் எண்ணும்போதும் இப்படியே. மகாவிசுவாசம் என்ற உள்ளத்து உறுதியைச் சொன்ன கையோடு, நீயே காப்பவனாக இருக்க வேண்டும் என்று ஒருவனைக் கேட்டு வரிப்பதையும் சொல்கிறார்கள். நம்பிக்கை ஒன்று தனியாக மனத்துக்குள் கிடந்து அபயமாகிவிடுவதில்லை. பௌட்டனின் எலிகள் சொன்னதும் இதற்கு அதிக தூரத்தில் இல்லை. பாதுகாப்பு என்ற அறிவு அதைக் கொடுத்த இடத்தையும் சூழலையும் விட்டு வெளியே வந்தால் வாடிவிடுகிறது. மண்டையோட்டுக்குள் பாதி அபயம் இருக்கலாம். மறுபாதி வெளியே யாரோ ஒருவர் காப்பாற்ற வேண்டிய வாக்கு.

உடனே ஒருவர் கேட்பார்: அப்படிப்பட்ட அபயத்தை நம்பி வந்தவர்கள்தானே அந்த டோக்கன் வரிசையில் இறந்தார்கள்? வைகுண்ட வாசல் திறக்கும் நாளைத் தேடி வந்தவர்கள் ஒரு கேட்டு வாசலில் மூச்சுத் திணறிச் செத்தார்களே, அந்த மகாவிசுவாசத்துக்கு என்ன உத்தரவாதம் இருந்தது? மின்சாரம் தரும் நிம்மதியும் பக்தி தரும் நிம்மதியும் உத்தரவாதமில்லாதவை என்ற அளவில் ஒன்றுதானே? கேள்வி கூர்மையானது. ஆனால் இரண்டு நிம்மதிகளின் உள்ளடக்கம் வேறு. சரணம் அடைந்தவன் இனித் தனக்கு விபத்தே வராது என்று நம்புவதில்லை. எந்த ஆசாரியரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. வரலாம், வந்தாலும் நான் கைவிடப்பட்டவன் அல்ல என்பதே அவன் நம்பிக்கை. ஆபத்தைப் பற்றிய அவன் மதிப்பீடு குறையாமல் அப்படியே இருக்கிறது. தணிதல் பயிற்சியோ நேரடியாக அந்த மதிப்பீட்டையே குறைக்கிறது. இந்த அறிகுறி எதையும் முன்னறிவிப்பதில்லை என்கிறது. முதலாவது நெரிசலை நெரிசல் என்று தெரிந்துகொண்டே தாங்கும் பலம். இரண்டாவது, உலகம் எப்படி இருக்கிறது என்பது பற்றிய ஒரு கூற்று. முதலாவதை ஆய்வாளர் சரிபார்க்க வேண்டியதில்லை. இரண்டாவதை மெய்யா பொய்யா என்று சரிபார்த்தே ஆக வேண்டும். அந்தக் கேட்டு வாசலில் கூட்டத்தை எப்படி விடுவது என்று தீர்மானித்தவர்கள் மனிதர்கள்; அடுத்த வைகுண்ட ஏகாதசிக்கு ஏற்பாடு திருந்தியிருக்கிறதா என்பதும் எண்ணிப் பார்க்கக்கூடிய செய்தி. திருந்தாத வரிசைக்குப் போக ஒருத்தியைத் தைரியப்படுத்துவது சிகிச்சை ஆகாது. அந்தப் பழியைப் பெருமாள் தலையில் போடுவதும் எனக்குச் சௌகரியமான தப்பித்தலாகவே படுகிறது.

ஏற்கெனவே காயம்பட்டவருக்கு, ஆராய்ச்சிக்காகப் புதிதாக ஒரு பயத்தைக் கற்பிப்பதா என்ற தயக்கமும் உண்டு. இதில் நான் ஆய்வாளர் பக்கம். மணிக்கட்டுச் சுரீர், அவரே அளவு வைத்தது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்பதோடு, முன்கூட்டியே எல்லாம் எழுதிச் சொல்லப்பட்டது. அதிர்ச்சி எவ்வளவு, எத்தனை நாள் என்று சொன்னபடி நடக்கும் ஓர் அறை, பேரதிர்ச்சிக்கு ஆளானவரின் வாழ்க்கையில் அபூர்வமான இடமாகவும் இருக்கலாம். ஆனால் இந்த ஆய்வுகளில் ஒரு வழக்கம் உண்டு. தணிதல் முடிந்த பிறகு, அச்சம் திரும்புகிறதா என்று பார்ப்பதற்காக எந்த வண்ணமும் காட்டாமல் திடீரென்று சில அதிர்ச்சிகளைக் கொடுப்பார்கள். அறிவியலுக்கு அது தேவையாக இருக்கலாம். ஒப்புதல் படிவத்தில் அது வாய்ப்பாகக் குறிப்பிடப்பட்டும் இருக்கலாம். ஆனால் ஏமாற்றப்பட்டதாலேயே நோயாளியான ஒருவரிடம், இனி வராது என்று உடம்புக்குக் கற்பித்த மறுகணம் வரவழைப்பது, மாணவர்களிடம் செய்வதற்குச் சமமானதல்ல. இந்தக் கட்டத்தை மட்டும் நலமானவர்களோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அறிவு கொஞ்சம் தாமதமாக வந்தால் வரட்டும்.

இந்தியாவில் இப்படி ஓர் ஆய்வுக்குச் சட்டம் எதையும் சொல்லாமல் விடவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கு நோயாளியின் அறிந்த ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. அதே ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறைகள் பழங்குடியினரையும் ஏழைகளையும் எளிதில் பாதிக்கப்படக் கூடியவர்களாகக் குறித்துத் தனிக் கவனம் கோருகின்றன. ஒப்புதல் இருக்கிறது, கவனம் இருக்கிறது. கற்பிக்கப்போகும் பாதுகாப்பு மெய்யா என்று விசாரிக்கும் கடமை எங்கும் இல்லை. அந்தக் கடமையை நெறிமுறைக் குழுவின் முன் வைப்பது பெரிய புரட்சியொன்றும் அல்ல. ஆய்வில் சேர்கிறவர் எதற்கு அஞ்சுகிறாரோ அது இன்றும் அவர் வாழும் இடத்தில் இருக்கிறதா என்று ஆய்வாளர் தனியாகக் கண்டறிந்து எழுத வேண்டும். இருந்தால் அந்த அறிகுறியைத் தணிதலுக்கு எடுக்காமல், அதைப் போலத் தோன்றும் தீங்கற்றவற்றை மட்டும் எடுக்க வேண்டும். விளைவைப் பெங்களூரிலோ வேலூரிலோ உள்ள ஓர் அறையில் அளந்துவிட்டு முடிக்காமல், ஊர் திரும்பிய பிறகு ஊரிலேயே அளக்க வேண்டும், ஏனென்றால் தணிவு ஊர் பார்க்கும். செலவு கூடும். 54 பேரைச் சேர்க்கிற இடத்தில் 30 பேர்தான் தேறுவார்கள். மலைக்கிராமத்துக்கு ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்க்கும்போது, வெட்டுக்கூலிக்கு ஆள் சேர்க்கும் தரகர் மறுபடி வந்து போயிருக்கலாம். அப்போது அந்த மனிதன் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அதை ‘தவிர்ப்பு நடத்தை’ என்ற கட்டத்தில் குறிப்பதா, சிகிச்சை வென்றது என்ற கட்டத்தில் குறிப்பதா என்பதை ஆய்வு தொடங்குவதற்கு முன்பே, அவனையும் உட்கார வைத்துக்கொண்டு, முடிவு செய்திருக்க வேண்டும்.